விதை நினைவு

என் கணவர் குணசீலன் இறந்த ஒன்பதாம் நாள், அவருடைய சாவுக்காக வருத்தப்பட ஓர் ஆள் வருவார் என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. காலை பதினோரு மணிக்கு வருவார், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், வீட்டில் ஒருவராவது இருந்தால் போதும் என்று எழுதியிருந்தது. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கள்கூட இதைவிடக் கொஞ்சம் பணிவாகச் சொல்லியனுப்புவார்கள்.

நெஞ்சு வலி என்று அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவசரப் பிரிவில் யாரை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்யும் இயந்திரம் அவருக்கு நான்காம் இடம் கொடுத்தது. முன்னால் இருந்த மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இயந்திரம் தவறாகக் கணித்துவிட்டது என்று மருத்துவமனையே மறுநாள் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்வதில் அவர்களுக்குச் சிரமம் எதுவும் இல்லை, சட்டம் அப்படி.

இயந்திரத்தின் முடிவால் ஓர் உயிர் போனால், மனிதர் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்று, இறந்தவரின் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வாயால் மட்டும் கேட்டால் செல்லாது. வருகிறவர் கையில் ஒரு பட்டை கட்டியிருக்கும். வருத்தமானி என்பது அதன் பெயர். நாடித்துடிப்பு, தோலின் ஈரம், குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் பார்த்து, அந்த ஆள் உண்மையிலேயே வருந்துகிறாரா என்று நூற்றுக்கு ஓர் எண் காட்டும். அறுபதுக்கு மேல் இருந்து, குடும்பமும் கையெழுத்துப் போட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. அறுபதுக்குக் கீழே போனால் வழக்குப் போடலாம்.

சென்னையில் இருக்கும் என் மகள் கவின்மொழி அன்று காலை போனில் மூன்று முறை இதையே சொன்னாள். "அம்மா, பட்டைய மட்டும் பாத்துக்கிட்டே இரு. ஒரு தடவ அறுபதுக்குக் கீழ போனாக்கூடக் கையெழுத்துப் போடாத. அப்பாவ நாற்காலில உக்கார வெச்சே கொன்னவங்கள நான் சும்மா விடமாட்டேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "உனக்குத் தெரியாதா என்ன? நீ சொல்லிக்குடுத்த படிப்புத்தானே" என்றாள்.

ஆமாம், நான் சொல்லிக்கொடுத்த படிப்புதான்.

பதினோரு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் வெள்ளைச் சட்டை, கையில் பட்டை, முன்தலையில் கொஞ்சம் வழுக்கை. மௌலீஸ்வரன் நின்றுகொண்டிருந்தான். என்னுடைய முதல் வகுப்பு மாணவன்.

அவனும் எதிர்பார்க்கவில்லை. தாளில் இறந்தவர் பெயர் மட்டும்தான் இருந்திருக்கும். "மேடம்... உங்க வீடுங்களா" என்றான். பிறகு தரையைப் பார்த்தபடி, "வேற ஆள அனுப்பச் சொல்லட்டுங்களா?" என்றான்.

வேண்டாம், உள்ளே வா என்றேன். அப்போதே அனுப்பியிருக்கலாம். அனுப்பாததற்குக் காரணம் பன்னிரண்டு வருடமாக எனக்குள் இருந்தது.

*

அதற்கும் முன்னால் நான் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் பல்கலைக்கழகத்தின் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். "தத்துவத்துல போன வருசம் ரெண்டே பேருங்க. அதுல ஒருத்தன் பாதியில நின்னுட்டான். டிபார்ட்மெண்ட மூடறோம். இந்தப் பொறுப்பேற்புச் சட்டம் வந்திருக்குதுங்கல்ல, அதுக்கு ஒரு கோர்ஸ் எழுதுங்க. பன்னெண்டு பையனாவது சேத்துங்க. இல்லாட்டி உங்களுக்கும் இங்க வேலை இல்லீங்க" என்றார்.

அப்போது எங்களிடம் திருமண மேலாண்மையில் ஒரு பட்டப் படிப்பு இருந்தது. வளர்ப்பு நாய்களின் மனநலத்துக்குப் பட்டயம் இருந்தது. 'இப்படியும் படிப்புகளா?' என்று ஒரு பத்திரிகை பட்டியல் போட்டபோது, எனது பி.எஸ்ஸி. பொறுப்பேற்பியல் அதில் முதலிடத்தில் இருந்தது. மன்னிப்புக் கேட்க மூன்று வருடமா என்று ஒரு கேலிச் சித்திரமும் போட்டிருந்தார்கள். குணசீலன் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, சாம்பாரில் உப்புக் கூடிய நாளெல்லாம் என்னிடம் நீட்டுவார்.

மே மாத வெயிலில் வாத்தியார்களை வீடு வீடாக ஆள் பிடிக்க அனுப்புவது எங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் வழக்கம். நானும் போனேன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளில் வேலை செய்கிறவர்களின் தெருவில், பாவாயி என்ற அம்மாவின் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து என் படிப்பின் பெருமையைச் சொன்னேன். அவர் வீட்டுக்காரர் வருடத்தில் பத்து மாதம் வடக்கே ரிக் லாரி ஓட்டுகிறவர்.

"மன்னிப்புக் கேக்கறதுக்கு ஒரு படிப்புங்களா?" என்றார் பாவாயி. "எங்கூட்டுக்காரரு இருவது வருசத்துல ஒருக்காக்கூடக் கேட்டதில்லீங்க. மொதல்ல அவரச் சேத்திக்குங்க."

பக்கத்தில் நின்ற பையன் வாய்விட்டுச் சிரித்தான். அவன்தான் மௌலி. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பையன்.

"படிச்சா வேல கெடைக்குமுங்களா?"

"கண்டிப்பா கிடைக்கும்மா. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

கடைசியில் ஒன்பது பேர்தான் சேர்ந்தார்கள். முதல் அணி தேறினால் படிப்பைத் தொடரலாம், ஒருவர் தவறினாலும் மூடிவிடுவேன் என்றார் தாளாளர்.

அந்தப் பட்டையை நடிப்பால் ஏமாற்ற முடியாது. பெரிய நாடக நடிகர்களுக்கெல்லாம் கட்டிப் பார்த்தார்கள், முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. ஒருவன் வருந்துகிறான் என்று அதற்குத் தெரியும், எதற்காக வருந்துகிறான் என்று தெரியாது. அதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். தான் உண்மையாகவே செய்த ஒரு தப்பை ஒவ்வொரு மாணவனும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை ஆறவிடாமல் வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் மேலே கொண்டுவரப் பழக வேண்டும். விதை நினைவு என்று பாடப்புத்தகத்தில் எழுதினேன். எந்த வீட்டுச் சாவுக்குப் போனாலும் உள்ளே முளைப்பது அந்த ஒரே விதைதான்.

ஆறிப்போவது என்று மனிதர்களுக்கு ஒரு வரம் இருக்கிறது. அதைக் கெடுப்பதற்குத்தான் நான் மூன்று வருடப் பாடத்திட்டம் போட்டேன். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை, பெருமையாக இருந்தது.

மற்ற எட்டுப் பேரிடமும் ஏதோ ஒன்று இருந்தது. தோழியின் கடிதத்தை ஊருக்குப் படித்துக் காட்டிய பெண் ஒருத்தி. தம்பிக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் திருவிழாவுக்குப் போனவன் ஒருவன். மௌலியிடம் மட்டும் எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாத்தியாரின் பைக் கண்ணாடியை உடைத்துவிட்டு, அடி இன்னொருத்தனுக்கு விழும்போது பேசாமல் இருந்ததுதான் அவன் செய்த மகா பாதகம். எண் முப்பத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை.

இரண்டாம் வருடத்தில் அவன் அப்பா சத்தீஸ்கரில், பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். காவல்துறைத் தாள்கள் இந்தியில் கையால் கிறுக்கி வந்திருந்தன. எனக்குச் சின்ன வயதிலேயே இந்திப் பரீட்சைகள் எல்லாம் எழுதி வைத்த பழக்கம். பாவாயி அந்தத் தாள்களை என்னிடம் கொண்டுவந்தார். "போன்ல காட்டுனா அதுவே படிச்சுச் சொல்லீருமாமுங்க. எனக்கு அது வேண்டாமுங்க. மனுசங்க ஒருத்தரு படிச்சுச் சொல்லோணும்" என்றார்.

படித்துச் சொன்னேன். வண்டி தானாகத்தான் சறுக்கியிருக்கிறது, உயிர் உடனே போய்விட்டது, கஷ்டப்படவில்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். விபத்து நடந்த நேரம் மூன்று ஐம்பது என்று தாளில் இருந்தது. அதை அன்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது மௌலியின் எண் நாற்பத்தொன்று. அவனை அறையில் உட்கார வைத்து, வேறு ஏதாவது இருக்கிறதா என்று தோண்டிக்கொண்டிருந்தேன். "அப்பா போன அன்னைக்கு நாலே காலுக்கு மூணு வாட்டி போன் பண்ணுனேன் மேடம். அவரு எடுக்கவே இல்லீங்க" என்றான். எண் நாற்பத்து நான்குக்குப் போய் நின்றது. துக்கம் வேறு, குற்ற உணர்ச்சி வேறு. பட்டைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நான் ஒரு வாக்கியம் சொன்னேன். "மௌலி, அந்தத் தாள்ல விபத்து நேரம் நாலே கால்னுதான் போட்டிருந்துச்சு. உங்க அம்மா முன்னால சொல்ல எனக்கு மனசு வரல."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவனே கட்டிக்கொண்டான். ஓட்டிக்கொண்டிருந்தவர் போனை எடுக்கக் கை நீட்டியது, ஸ்டியரிங் நழுவியது எல்லாம் அவன் முகத்தில் வரிசையாக வந்தன. நான் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு, அறுபத்தேழு, எண்பத்து மூன்று. சந்தோஷப்பட்டேன். அதை மறைப்பதாக இருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம்.

தேர்வில் தொண்ணூற்றொன்று எடுத்தான். பார்வையிட வந்த நிபுணர்கள் எழுந்து நின்றார்கள். ஒன்பது பேருக்கும் வேலை கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் வேறு எந்தப் படிப்புக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. கேலி செய்த அதே பத்திரிகை அடுத்த வருடம் 'வேலை உறுதி தரும் படிப்புகள்' என்று எழுதியது, அதிலும் எனது படிப்புக்கே முதலிடம். பாவாயி ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதை நானும் குணசீலனும் நாலு நாள் வைத்துச் சாப்பிட்டோம்.

தேர்வு முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் வேலையிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு, அறுபதுக்குக் கீழே இறங்கினால் வேலை போய்விடும். அடுத்த சோதனை முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். பிறகு அதற்கடுத்தது. அப்படியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளுக்கு விதை நினைவு நடத்தும்போது எனக்கு மட்டும் பட்டை கட்டாமல் பார்த்துக்கொண்டேன்.

*

மௌலி என்னைவிடத் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தான். பட்டையின் எண் எனக்குத் தெரியும்படி கையைத் திருப்பி வைத்தான். இறந்தவரின் பெயரை முதலில் சொன்னான். நடந்ததை மறைக்காமல் சொன்னான். 'ஆனால்' என்ற வார்த்தை ஒருமுறைகூட வரவில்லை. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

"அய்யாவ அன்னைக்கு மொதல்ல பாத்திருக்கோணுமுங்க. நாப்பது நிமிசம் உக்கார வெச்சது எங்க தப்புங்க. அந்தத் தப்பு என்னுதுங்க. மன்னிச்சுருங்க" என்றான். கண் கலங்கியிருந்தது. எண் எண்பத்தாறு.

ஒரு நிமிடம் நானே ஆறுதல் அடைந்தேன். ஒன்பது நாளாக எவனும் எனக்குச் சொல்லாததை ஒருத்தன் சொல்லிவிட்டான். பிறகுதான் உறைத்தது. அவன் கண்ணில் நின்ற தண்ணீர் குணசீலனுக்காக வந்ததில்லை. பிலாஸ்பூர் சாலையில் கவிழ்ந்து கிடக்கும் லாரிக்காக வந்தது. நான் சொன்ன பொய்யைத் திரும்ப என் வீட்டுக்கே கொண்டுவந்து, என் கணவருக்காகச் செலுத்திக்கொண்டிருந்தான்.

இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. சொன்னால் அவன் எண் சரியும், வேலைக்கு ஆபத்து என்று தெரியும். என் மகள் கேட்ட வழக்கும் கிடைத்துவிடும். அதற்காகத்தான் இப்போது சொல்கிறேனோ என்று ஒரு கணம் என் மேலேயே சந்தேகம் வந்தது.

"மௌலி, அந்தப் பட்டைய கழட்டிடு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கையெழுத்து ஆகற வரைக்கும் கழட்டக் கூடாதுங்க மேடம். அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். "உங்க அப்பா விபத்து நாலே காலுக்கு நடக்கல. மூணு அம்பதுக்கு நடந்துச்சு. தாள்ல தெளிவா இருந்துச்சு. நீ போன் பண்ணும்போது அவர் உயிரோடவே இல்ல. உன் போனுக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நான் பொய் சொன்னேன். நீ பாஸ் பண்ணணும்னு சொன்னேன். இல்ல, என் வேலைக்காகச் சொன்னேன்."

சொல்லிவிட்டு எண்ணையே பார்த்தேன். எண்பத்தொன்றுக்கு இறங்கியது. இன்னும் இறங்கும் என்று காத்திருந்தேன். மெதுவாக எண்பத்தாறுக்கே ஏறி நின்றுகொண்டது.

"தெரியுமுங்க மேடம்" என்றான் மௌலி.

அவனே சொன்னான்.

"வேலைக்குச் சேந்து மூணாவது வருசமுங்க. வீட்டுக்கு வெள்ளையடிக்கறப்ப அந்தத் தாளு கெடச்சுது. சும்மா போனக் காட்டுனேன். மூணே செகண்டுல படிச்சுச் சொல்லீருச்சுங்க. அத்தன நாளும் நான் ஏன் காட்டலீன்னா, நீங்க படிச்சதுக்கு மேல என்னங்க மேடம் இருக்கப் போகுதுன்னுதான்."

"என் மேல கோபம் வரலையா?"

"அன்னைக்கு வரலீங்க. அன்னைக்கு நான் சிரிச்சனுங்க. அம்மாகிட்டப் போயிச் சொன்னேன், ரெண்டு பேரும் சிரிச்சோம். அம்மா வெல்லமும் பருப்பும் வெச்சு ஒப்பிட்டு சுட்டாங்க. அந்த ஆறு மாசந்தான் நான் நல்லாத் தூங்குனேன். அப்பறம் சோதன வந்துச்சு. முப்பத்து மூணுங்க."

அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மூணு மாசம் டைம் குடுத்தாங்க. வீட்ல அப்பத்தான் குழந்த பொறந்திருந்துச்சு. இந்தப் படிப்ப வெச்சுக்கிட்டு வேற எங்கீங்க மேடம் வேலைக்குப் போறது? வெத வேணும். எங்கிட்ட இல்ல. அதே சமயத்துல அம்மாவுக்கு முடியாமப் போயிருச்சுங்க. வயித்துல கட்டி. ஈரோட்டு ஆஸ்பத்திரில வெச்சிருந்தோம். கடைசி நாலு நாளு என்னையே கேட்டுட்டு இருந்தாங்களாமுங்க."

"நீ எங்க இருந்த?"

"கோயமுத்தூருலீங்க. ரெண்டு மணி நேரந்தான். வேல இருக்குது, வர முடியலீன்னு சொன்னேன். வேல ஒண்ணும் இல்லீங்க. லாட்ஜுல ரூம் போட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

"ஏன் மௌலி?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"வேணும்னேதாங்க மேடம் போகல" என்றான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "போனா வெத இருக்காதுங்களே. நாலாம் நாளு பொழுது விடியறப்ப போன் வந்துச்சு. அதுக்கப்பறம் ஒரு தடவகூட எம்பதுக்குக் கீழ போனதில்லைங்க. இது உங்களுதும் இல்ல, பொய்யும் இல்ல. என்னோட சொந்தம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாவாயி அந்தக் கட்டிலில் எனக்கு மோர் கொடுத்ததும், அதுக்கு நான் பொறுப்பு என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. என்னை மன்னித்துவிடு என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், நாற்காலியிலிருந்து இறங்கி அவனைவிடத் தாழ்வாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். இறந்தவரின் பெயரை, பாவாயியின் பெயரை, முதலில் சொல்லியிருந்தேன். 'ஆனால்' என்ற வார்த்தையை நானும் சொல்லவில்லை. அவனுக்கும் அது தெரிந்தது. பழக்கத்தில் அவன் கண் என் வெறும் மணிக்கட்டுக்குப் போய்த் திரும்பியது.

"அந்தப் பட்டைய எனக்குக் கட்டிப் பாரு மௌலி. நான் பாடம் ஒப்பிக்கல. கட்டிப் பாரு."

அவன் என் கையைப் பிடித்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தான். மாணவனாக இருந்தபோதும் அவனுக்கு இந்த மரியாதை உண்டு.

"வேண்டாமுங்க மேடம்" என்றான். "எந்த நம்பர் வந்தாலும் எனக்குப் பத்தாது."

பிறகு தாளை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினான். போடாமல் இருக்கலாம். போடாவிட்டால் அவன்மேல் விசாரணை வரும், வேலை போனாலும் போகும். அப்புறம் பாவாயி அந்த நாலு நாள் காத்திருந்தது எதற்கும் இல்லாமல் போய்விடும். என் புத்தி இப்படித்தான் யோசித்தது. ஒரு சாவை எப்படிப் பயன்படுத்துவது என்று யோசிக்கிற இந்தப் புத்தியைத்தான் பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்திவருகிறேன். கையெழுத்துப் போட்டேன். அவன் எழுந்து கும்பிட்டுவிட்டு, மதியத்துக்குள் இன்னும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் போனான்.

அரை மணி நேரத்தில் கவின்மொழி கூப்பிட்டாள்.

"எவ்வளவும்மா வந்துச்சு?"

"எம்பத்தாறு."

"கொறையவே இல்லையா?"

"இல்ல. கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. ஒன்பது நாளில் அன்றுதான் அவள் கோபமில்லாமல் அழுதாள்.

"சரி விடும்மா" என்றாள். "நம்ம அப்பாவுக்காக ஒருத்தராவது நெஜமாவே வருத்தப்பட்டிருக்காங்க."

"ஆமா கண்ணு" என்றேன்.